பொதுச்சந்தில் ஒரு பலகை

தேனி கடைவீதியில் எபனேசரின் பிளைவுட் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் பதினைந்து இருபது கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கடைக்குள் போகும் வழி.

எபனேசர் என் அத்தை மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஊரை விட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இங்கே எழுதியிருப்பதில் முக்கியமானது நடந்தபோது நான் அங்கே இல்லை. அவரும், அவர் மனைவி ஜெபஷீலாவும், சின்னமனூர் சுந்தரலிங்கம் ஐயாவும் போனில் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்ன இடங்களில் பிரச்சினை இல்லை. மாறுபட்ட இடங்களில் ஜெபஷீலா சொன்னதை எடுத்துக்கொண்டேன். அவர் கணக்கு டீச்சர்.

எபனேசருக்கு ஐம்பத்திரண்டு வயது. பி.காம். முடித்ததும் கடைக்கு வந்தவர் கடையிலேயே இருந்துவிட்டார். சபைப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவார். சர்க்கரை உண்டு. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று தினமும் ஜெபஷீலாவிடம் கேட்பார். இப்படியே போயிருக்கும். ஊரடங்கு காலத்தில் கடையைச் சாத்தி வைத்திருந்தபோது, கையில் தேக்கும் நேரமும் மிச்சமிருந்ததால் ஒரு கேமரா செய்தார்.

சின்னக் கேமரா அல்ல. மடக்கினால் பலகாரப் பெட்டி அளவு இருக்கும். திறந்தால் முன்பக்கக் கதவு கீழே விழுந்து ஒரு பலகையாக நீட்டி நிற்கும். அந்தப் பலகையில் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே மடிப்பு மடிப்பான துருத்தி. பின்னால் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடியில் பார்த்தால் எதிரில் இருப்பது தலைகீழாகத் தெரியும். பிறகு கண்ணாடி இருந்த இடத்தில் பிலிமைச் சொருகிப் படம் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பிலிம். பிலிம் ஒன்று கை அகலம். போடி பார்ட்டி ஒருவருக்குக் கதவு செய்தபோது மிஞ்சிய தேக்கில் உடம்பு, ரெயின்கோட்டுத் துணியில் துருத்தி, மேசை இழுப்பறைக்குப் போடும் சேனலைக் குட்டையாக அறுத்துப் பலகைமேல் இரண்டு தண்டவாளம். பிலிமைத் தவிர எல்லாம் கடையிலேயே கிடைத்தது என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

லென்ஸும் கடையில் கிடைக்கவில்லை. அதை நான்தான் வாங்கிப் போனேன்.

அவர் கேட்டது வைடு லென்ஸ். தேனியில் வேறு லென்ஸ் உதவாது என்றார். எந்தக் கட்டடத்தைப் படம் எடுக்க நினைத்தாலும் நாலடி பின்னால் போனால் எதிர்க்கடைக்காரரின் கல்லாவில் இடித்துக்கொள்வோம். சாதாரண லென்ஸ் ஒரு கதவைக் காட்டும் என்றால், வைடு லென்ஸ் அதே இடத்திலிருந்து கதவு, நிலை, சுவர், பக்கத்து வீட்டுச் சன்னல், அதில் நின்று எட்டிப் பார்ப்பவர் எல்லாவற்றையும் காட்டும். நான் இருக்கும் ஊரில் ஒரு பெரியவர் பழையதை விற்றார். அதை இரண்டு காலுறைக்குள் வைத்துச் சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போனேன். சுங்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று பதினோரு மணி நேரம் யோசித்துக்கொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை.

இந்த லென்ஸை மடக்குக் கேமராவில் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதையே அதில்தான் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். வைடு லென்ஸ் பிலிமுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். அதனால் லென்ஸைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பெட்டியின் வாய்க்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். துருத்தி நசுங்கிப்போகும். ஆனால் முன்னால் நீட்டியிருக்கும் பலகை அங்கேயேதான் இருக்கும். பக்கவாட்டில் அவ்வளவையும் பார்க்கிற லென்ஸ் கீழேயும் பார்க்கும் அல்லவா? அது தன் பலகையையே பார்த்துவிடும். படத்தின் அடியில் கேமராவின் பலகை மங்கலாக விழுந்துவிடும். படத்தை நெட்டுவாக்கில் எடுத்தால் நிச்சயம் விழும். இதற்காகவே கீலைத் தளர்த்திப் பலகையை இன்னும் கீழே தொங்கவிடும் வசதி உண்டு. தொங்கவிட்டால் தெரியாது. அவ்வளவுதான். மறக்கக் கூடாது.

பலகை படத்தில் விழுவதை எபனேசர் ‘மூக்கு’ என்பார். நம் மூக்கு நமக்கே தெரிகிற மாதிரி. இத்தகைய கேமரா வைத்திருக்கும் பதினொரு பேர் சேர்ந்த ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் வைடு லென்ஸ் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்பவர் இவர். கோயம்புத்தூர்ப் பல் டாக்டர் ஒருவர் ஒருமுறை ஒரு பாலத்தின் படத்தைப் போட்டார். அடியில் மூக்கு இருந்தது. எபனேசர் அதன் கீழே, “டாக்டர், பாலம் நன்றாக இருக்கிறது. மூக்குக்கு இன்னொரு டாக்டரைப் பாருங்கள்” என்று எழுதினார். டாக்டர் குழுவை விட்டு வெளியேறினார். அதன்பிறகுதான் குழுவில் பதினொரு பேர்.

இனி சின்னமனூர்.

சுந்தரலிங்கம் ஐயா கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் வழக்கு வம்புகளைப் பேசி முடித்து வைப்பார். அவரிடம் ஒரு சந்து வந்து சேர்ந்தது. முன்வீடு ராக்கையாவுடையது, வாழைக்காய் வியாபாரம். பின்வீடு அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி மொக்கம்மாளுடையது. மூன்று கறவை மாடு. மாடுகள் தெருவுக்கு வர, பாகப்பத்திரப்படி இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே ஒரு சந்து. ராக்கையா மாடிக்கு வெளிப்படிக்கட்டு கட்டியபோது கடைசிப் படி சந்துக்குள் இறங்கிவிட்டது. இன்றைக்குப் படி இறங்கும், நாளைக்குத் தூண் இறங்கும் என்றார் மொக்கம்மாள். மூன்று மாதம் பேசி, கட்டிய படி இருக்கட்டும், இனிமேல் ஒன்றும் வரக் கூடாது என்று ஐயா இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ள வைத்தார். ‘இன்றைய தேதியில் சந்தில் என்னென்ன இருக்கிறது’ என்பதற்குப் படம் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு பக்கமும் போனில் எடுத்து வந்தார்கள். ஐயா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் அம்சமாத்தான் இருக்கு. ராக்கையா படத்துல படியவே காணோம், ரோசாச்செடி இருக்கு. இந்தம்மா படத்துல படி தெரு வரைக்கும் வந்து நிக்குது. எல்லாஞ் சரிப்பா, நம்ம சந்து இதுல எங்கன இருக்கு?”

இரண்டு வீட்டிலும் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். போன் இருந்தது.

ஐயா தம் வீட்டு அலமாரிக்கு எபனேசர் கடையில் பிளைவுட் வாங்கியவர். அங்கே சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்திருக்கிறார். போன் போட்டார்.

“எபனேசரு, ஒம் பொட்டியில எடுத்தா ஒருத்தரும் அழிக்க முடியாதுன்னு சொன்னியே, நெசந்தானா?”

“பிலிம்யா. இருக்கிறதுதான் விழுகும்.”

“அதுதாம்ப்பா வேணும். இருக்கிறது விழுந்தாப் போதும்.”

எபனேசர் போனார். சந்தின் வாய்க்கு எதிரே எட்டடித் தெரு, அதற்கப்பால் எதிர்வீட்டுச் சுவர். சுவரோடு முதுகை ஒட்டி நின்றால்தான் சந்து முழுவதும், மாடிப்படி உச்சி வரை கிடைக்கும். வைடு லென்ஸுக்கென்றே கட்டிய தெரு என்று அவருக்குத் தோன்றியது. நெட்டுவாக்கில் வைத்தார். பலகையைத் தொங்கவிட்டார். துணிக்குள் போய்ப் பார்த்தார். சந்து தலைகீழாக, சுத்தமாக இருந்தது. ஒரு பக்கம் ராக்கையா, மறுபக்கம் மொக்கம்மாள், நடுவே ஐயா, தெருவில் பாதி ஜனம்.

அப்போது கம்பத்துப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று தெருவுக்குள் திரும்பி ஆரன் அடித்தது. எபனேசர் ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கி எதிர்வீட்டு வாசற்படியில் ஏறினார். தொங்கிய பலகை வாசற்கதவில் இடித்ததால் அதைத் தூக்கி நேராக்கினார். லாரி போயிற்று. இறங்கி, பழைய இடத்தில் ஊன்றி, மட்டம் பார்த்து, இரண்டு பிலிம் எடுத்தார். எல்லாரும் கலைந்தார்கள்.

பலகையைத் திரும்பத் தொங்கவிடவில்லை.

துணிக்குள் பார்த்தபோது தெரியவில்லையா என்று கேட்டேன். வைடு லென்ஸில் கண்ணாடியின் ஓரமெல்லாம் இருட்டாக இருக்கும் என்றார். மேலே ஏதோ நிழல் மாதிரி கிடந்தது, சாக்கடை மூடியின் நிழல் என்று நினைத்தேன் என்றார். அந்தத் தெருவில் சாக்கடை மூடி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வீட்டுக் குளியலறையில் பிலிமைக் கழுவித் தூக்கியபோது தெரிந்தது. இரண்டிலும் மூக்கு. சந்தின் வாயில், பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு, தெருவிலிருந்து உள்ளே நீட்டிய ஒரு மங்கலான பலகை. மேலே இரண்டு சேனல், நேராக, கோடு போட்ட மாதிரி. எபனேசர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஐயாவுக்குப் போன் போட்டார்.

“இன்னொரு தடவை வந்து எடுத்துறட்டுமாய்யா?”

“எதுக்கு? விழுகலையா?”

“விழுந்துருக்கு. சும்மா ஒரு திருப்திக்கு.”

“அந்த ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஒரே தெருவுல நிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தாம்ப்பா தெரியும். ஒன் திருப்தியெல்லாம் பிறகு பார்ப்போம். விழுந்ததைக் குடு.”

காரணத்தைச் சொல்ல இது சரியான இடம். எபனேசர் சொல்லவில்லை. அடியை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தார். அதற்கும் வழியில்லை, எந்தப் பக்கமும் வெட்டவில்லை என்பதற்குச் சாட்சியாகப் பிலிமின் கறுப்பு ஓரம் நாலு பக்கமும் தெரிய வேண்டும் என்று ஐயா முன்பே சொல்லியிருந்தார். படத்தில் பார்க்க வேண்டியது படிக்கட்டு, படிக்கட்டு நன்றாக விழுந்திருக்கிறது, அடியில் ஏதோ மங்கலாகக் கிடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு கொடுத்துவிட்டார். படம் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது. ஐயா அதை உடன்படிக்கைப் பத்திரத்தில் ஒட்டி, கீழே தம் கையெழுத்தில் எழுதினார்: ‘இப்படத்தில் தெரிபவை சந்தில் இருக்கலாம். தெரியாதவை இனி வரக் கூடாது.’ இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் ராக்கையா பிளைவுட் கடைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு பலகை வேணும்.”

“எந்த அளவுல?”

ராக்கையா சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து மேசைமேல் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினார். எபனேசர் எடுத்த படம், பெரிதாக்கியது. அதில் விரலை வைத்தார்.

“இந்தா, இது மாதிரி.”

எபனேசர் அதைப் பார்க்காமலே, “இது என்ன பலகை?” என்றார்.

“எங்க பலகை.”

“எப்பருந்து?”

“கையெழுத்துப் போட்டதுல இருந்து.” ராக்கையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நெசத்தைச் சொல்லணும்னா அண்ணாச்சி, அங்கன பலகை கெடந்ததா எனக்கே ஞாபகம் இல்ல. ஆனா படத்துல இருக்கே! அய்யா எழுதியிருக்காக, தெரியிறது இருக்கலாம்னு. சந்து வாசல்ல ஒரு பலகை போட்டு உக்காந்தா காத்து நல்லா வரும். எனக்கும் மூட்டு வலி.”

“அப்ப மாடு எப்படிப் போகும்?”

“அதை அந்தம்மா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்.” மறுபடி படத்தின்மேல் குனிந்தார். “இதுமேல ரெண்டு பட்டை ஓடுது பாருங்க, இரும்பு மாதிரி. அதையும் அடிச்சுக் குடுத்துருங்க. பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது.”

எபனேசரின் தலைக்குப் பின்னால் ஆணியில் சேனல்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

“ஸ்டாக் இல்ல” என்றார்.

“பலகைக் கடையில பலகை இல்லையா?”

“இந்த அளவுல இல்ல.”

அது பொய் இல்லை. அசல் பலகை எட்டு அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம்.

“சரி விடுங்க. கம்பத்துல மரக்கடையில பார்த்துக்கிறேன்” என்று ராக்கையா ஜெராக்ஸை மடித்துக்கொண்டு, கதவுகளுக்கு நடுவே ஒருக்களித்து வெளியே போனார்.

மதியம் சாப்பிடும்போது எபனேசர் ஜெபஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜெபஷீலா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பலகை யாரோடது?”

“என்னோடதுதான்.”

“அப்ப போயி உங்களோடதுன்னு சொல்லிட்டு வாங்க.”

“சொன்னா எடுத்த படமே தப்புன்னு ஆயிரும் ஷீலா.”

“இப்ப மட்டும் சரியா இருக்காக்கும்?”

“சின்னமனூர் பூரா தெரிஞ்சு போகும். குரூப்புல ரெண்டு பேரு உத்தமபாளையம், அடுத்த ஊரு.”

“அந்தப் பல் டாக்டர் நம்பர் இருக்கா? முதல்ல அவருக்கு இந்தப் படத்தை அனுப்புங்க, சந்தோசப்படட்டும்.” ரசத்தைத் தள்ளி வைத்தார். “மாத்திரை போட்டீங்களா?”

“முன்னாலயா பின்னாலயா?”

“முன்னால. எல்லாமே முன்னாலதான் செய்யணும். நீங்க எதைச் செஞ்சிருக்கீங்க?”

எபனேசர் போகவில்லை. ராக்கையாவுக்குப் பலகை கிடைக்காமல் போகலாம் என்று நம்பினார். கம்பத்தில் மரக்கடை எத்தனை இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நான்காம் நாள் கடைக்கு மொக்கம்மாளின் போன் வந்தது. ராக்கையா சந்தின் வாயில் இரண்டு கல்லை நட்டு, பலகை போட்டு, தினமும் காலையும் மாலையும் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஓரத்தில் ஆள் ஒருக்களித்துப் போகும் வழி மட்டும் இருக்கிறது. மூன்று மாடும் மூன்று நாளாக உள்ளேயே நிற்கின்றன. வாய்க்காலுக்குப் போகவில்லை. தண்ணீரையும் தீவனத்தையும் அவர்தான் தலையில் சுமந்து உள்ளே கொண்டு போகிறார். ஒன்று ஒன்பது மாதச் சினை, நடக்க விடாவிட்டால் கன்று ஈனுவது கஷ்டம். அய்யாவிடம் போனால், ‘படத்தில் இருக்கிறதே தாயி, நான் என்ன செய்ய’ என்கிறார்.

இதையெல்லாம் எபனேசர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மொக்கம்மாள் கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நீங்க படம் எடுக்கையில நான் அங்கனயேதான் நின்னேன். என் கண்ணுல பலகை படல. ஆனா அழிக்க முடியாத படம்னு சொல்றாக. ஒருவேள நாந்தான் பாக்காம விட்டுட்டனோ? எனக்கு ஏதும் பார்வ கோளாறா? நீங்க பாத்திகளா?”

எபனேசர் மேசைமேல் இருந்த அடிக்குச்சியை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

“உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. நாளைக்குக் காலையில வாரேன்.”

மறுநாள் எட்டு மணிக்கு அதே எதிர்வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கேமரா நின்றது. ஐயா வந்தார். மொக்கம்மாள் வந்தார். ராக்கையா வரவேண்டிய அவசியம் இல்லை, பலகையில் உட்கார்ந்திருந்தார்.

“அய்யா, படத்துல இருக்கிற பலகை சந்துல இருந்த பலகை இல்ல” என்றார் எபனேசர். “இந்தா, இந்தக் கேமராவோட பலகை. அன்னைக்கு லாரி வந்துச்சுல்ல, அப்ப தூக்கினவன் திரும்ப எறக்க மறந்துட்டேன். படம் கழுவின அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல. என் தப்புதான்.”

ஐயா கேமராவின் பலகையைப் பார்த்தார். பிறகு ராக்கையா உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தார். பிறகு மறுபடி கேமராவை.

“ஏம்ப்பா, அது ஏழடி. இது ஒரு சாண்.”

“பக்கத்துல இருக்கிறதால பெருசாத் தெரியுதுய்யா.”

“நல்லாருக்கு அண்ணாச்சி” என்றார் ராக்கையா இருந்த இடத்திலிருந்தே. “நேத்து அந்தம்மா போன் போட்டுச்சு. இன்னைக்கு ஏழடிப் பலகை ஒரு சாணாப் போச்சு. அடுத்து என்ன, மாடிப்படியும் உங்க பொட்டிக்குள்ள இருந்து வந்ததா?”

தெருவில் சிரித்தார்கள். எபனேசர் பலகையை நேராகத் தூக்கி வைத்து, துணியை விரித்து, ஐயாவை உள்ளே கூப்பிட்டார். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணிக்குள் தலையை விட்டார்.

“என்னப்பா, ராக்கையா தலைகீழாத் தொங்குறான்?”

“அப்படித்தான்யா தெரியும். மேல பாருங்க.”

“மேல ஒரு பலகை இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கீழ ராக்கையாவோட பலகை இருக்கு.” துணி இரண்டு பக்கமும் அசைந்தது. “இப்ப ரெண்டு பலகை இருக்குப்பா!”

“அப்ப ரெண்டாவதும் எனக்குத்தான்!” என்றார் ராக்கையா.

எபனேசர் கீலைத் தளர்த்திப் பலகையைத் தொங்கவிட்டார். உள்ளே ஐயா, “ஒண்ணு போயிருச்சு” என்றார். தூக்கினார். “வந்துருச்சு.” தொங்கவிட்டார். “போயிருச்சு.” இப்படி நாலைந்து தடவை நடந்தது. ஐயா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை.

“நீ என்னமோ தட்டுற, அது வருது போகுது. போன்லயும் இப்படித்தாம்ப்பா தட்டுனாக, ரோசாச்செடி வந்துச்சு.”

எபனேசர் கோணம், தூரம், லென்ஸ் பார்க்கும் அகலம் என்று ஆரம்பித்தார். பதினொரு பேருக்குப் புரியும்படி எழுதியவர்தான். தெருவில் ஒருவருக்கும் புரியவில்லை.

மொக்கம்மாள் கேமராவைச் சுற்றி வந்து முன்னால் நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பலகையத் தூக்கி வைங்க. அய்யா, நீங்க இன்னொருக்க உள்ள போங்க.”

ஐயா போனார்.

“மேல பலகை இருக்கா?”

“இருக்கு தாயி.”

மொக்கம்மாள் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, கேமராவின் பலகைமேல் உள்ளங்கையை வைத்தார்.

துணி ஒரு தடவை துள்ளியது.

“யார்றா அது! பலகைமேல கை! யானைக் கால் தண்டிக்கு!”

“வளையல் என்ன கலர்ய்யா?”

“பச்ச. மங்கலாத் தெரியுது. பச்சதான்.”

“இப்ப மச்சான் உக்காந்திருக்காகளே, அந்தப் பலகைமேல கை இருக்கா?”

“அதுல அவன்தான் இருக்கான்.”

“அம்புட்டுத்தான்” என்று மொக்கம்மாள் கையை எடுத்துக்கொண்டார்.

ஐயா துணிக்குள்ளிருந்து வந்து, அவர் கையைப் பார்த்தார். பச்சை வளையல் நான்கு. பிறகு தாமே தம் கையைக் கேமராவின் பலகைமேல் வைத்து, எபனேசரை உள்ளே போகச் சொன்னார். “என்ன தெரியுது?” “கடிகாரம்யா.” பிறகு தெருவிலிருந்த நாலைந்து பேர் ஆளுக்கொரு தடவை வைத்தார்கள், ஆளுக்கொரு தடவை பார்த்தார்கள். கடைசியாக ராக்கையாவே எழுந்து வந்து துணிக்குள் தலையை விட்டார். வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் துணியை ஒழுங்காக மடித்து எபனேசர் கையில் கொடுத்தார்.

“சரி, அண்ணாச்சி பலகைதான்னு வச்சுக்குவோம். பத்திரத்துல யாரு பலகைன்னு எழுதலையே? படத்துல தெரியிறது இருக்கலாம்னுதானே அய்யா எழுதியிருக்காக?”

“அதேதாம்ப்பா நானுஞ் சொல்றேன்” என்றார் ஐயா. “படத்துல தெரியிற பலகை இருக்கலாம். அது அந்தப் பொட்டியில இருக்கு. நீ கம்பத்துல வாங்குனது படத்துல எங்கன இருக்கு, காமி?”

ராக்கையா ஜெராக்ஸை எடுக்கப் போனவர், சட்டைப்பைக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நாளப்பின்ன அண்ணாச்சி வந்து, இது என் பலகை, படத்துல இருக்கு, எனக்கும் சந்துல பாத்தியதை உண்டுன்னு சொன்னா?” என்று கேட்டார் ராக்கையா.

எல்லாரும் எபனேசரைப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பத்திரத்தை எடுத்து, படத்துக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் எபனேசரை அவர் கைப்படவே எழுதச் சொன்னார். எபனேசர் கேமராப் பெட்டியின் மேல் வைத்து எழுதினார்: ‘இப்படத்தின் அடியில் தெரியும் பலகை என் கேமராவைச் சேர்ந்தது. அது என் கவனக்குறைவால் விழுந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். எனக்கு இந்தச் சந்தில் எந்த உரிமையும் இல்லை.’ தேதி, முகவரி, கையெழுத்து. மொக்கம்மாள் எட்டிப் பார்த்து, “தெளிவா இருக்கு” என்றார்.

பலகையை எடுக்க வேண்டும். ராக்கையா ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை. எபனேசர் போய்ப் பிடித்தார். தூக்கியதும் அவர் முகம் மாறியது.

“வேங்கையா?”

“வேங்கைதான்.”

“நல்ல பலகை.”

“பின்னே? உங்க கடையில இல்லைன்னு சொல்லிட்டீக.”

ராக்கையாவின் வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். நட்ட கல்லிரண்டையும் இரண்டு பேர் ஆட்டிப் பிடுங்கினார்கள். மொக்கம்மாள் உள்ளே போய் மாடுகளை அவிழ்த்து விட்டார். முதல் மாடு படிக்கட்டை உரசிக்கொண்டு வந்து தெருவில் இறங்கி, யாரையும் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் திரும்பியது. இரண்டாவது அதன் பின்னாலேயே போயிற்று. சினைமாடு மெதுவாக வந்தது. வயிறு இரண்டு பக்கமும் சுவரைத் தொட்டது. சந்தின் வாய்க்கு வந்ததும் நின்றுவிட்டது. கல் பிடுங்கிய குழியை மோந்து பார்த்தது. மொக்கம்மாள் பின்னாலிருந்து தள்ளினார். அசையவில்லை. நான்கு நாளாக அந்த இடத்தில் பலகை இருந்தது அதற்குத் தெரியும்.

“ஏத்தா, தள்ளாத. வகுத்துல இருக்கிற உசுரு” என்றார் ராக்கையா. குனிந்து, இரண்டு குழியையும் காலால் மண் தள்ளி மூடி மிதித்தார். பிறகு மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, “வா, வா, ஒண்ணுமில்ல, வா” என்று முன்னால் நடந்தார். மாடு ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தது. பிறகு மற்றதையும் வைத்தது. தெருவில் நின்றவர்கள் வழி விட்டார்கள். எபனேசர் கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் படியில் ஏறி நின்றார். ராக்கையா மாட்டை வாய்க்கால் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பினார்.